கோப்புறைகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுவது: மின்னூலாக்கத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய இதழ்களையும் நூல்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கும் தன்னார்வலர்கள் அனைவருக்கும்,

ஒரு கோப்புறையின் பெயர் அந்தக் கோப்புறைக்குள் இருப்பதில்லை. லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் வட்டில் ஓர் எண் உண்டு. அதை ஐநோட் எண் என்பார்கள். பெயர் இருப்பது மேல் கோப்புறையின் பட்டியலில், அந்த எண்ணுக்கு எதிரே ஒரு வரியாக. அலமாரியில் இருக்கும் புத்தகத்தைத் தொடாமல் நூலகத்தின் அட்டவணைச் சீட்டை மட்டும் திருத்தி எழுதுவது போன்றதுதான் பெயர்மாற்றம். உள்ளே 300 பக்கப் படங்கள் இருந்தாலும் 30,000 இருந்தாலும் மாறுவது அந்த ஒரு வரி மட்டுமே. ஒரே வட்டுக்குள் நூறு கோப்புறைகளுக்குப் பெயர் மாற்ற ஒரு நொடிகூட ஆகாததற்கு இதுவே காரணம். வேறொரு வட்டுக்குப் போகும்போதுதான் நகலெடுத்து மூலத்தை அழிக்கும் நீண்ட வேலை நடக்கிறது.

இந்த வேகம் வசதியானது, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. டெர்மினலில் கொடுத்த கட்டளையைத் திரும்பப் பெற வழியில்லை. மாறிய பெயர்கள் எந்தக் குப்பைத்தொட்டியிலும் விழுவதில்லை, பழைய பெயரை அமைப்பு எங்கும் குறித்துவைப்பதுமில்லை. தொட்டால் நொறுங்கும் தாளை ஒரு முறை பிரித்து ஸ்கேன் செய்தவர்களுக்கு அதே தாளை இரண்டாம் முறை பிரிக்க வாய்ப்பு கிடைக்காமலே போகலாம். எந்தப் படம் எந்த இதழைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் ஒரே சான்று பல சேகரிப்புகளில் கோப்புறையின் பெயர்தான். ஆகவே பெயர்மாற்றம் முதலில் பழைய பெயரும் புதிய பெயரும் எதிரெதிரே நிற்கும் ஒரு பட்டியலாக எழுதப்பட வேண்டும், அந்தப் பட்டியலை ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகே கட்டளை ஓட வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாமே இந்த முறையைச் சுற்றியவை.

பெயருக்கான விதியை முடிவு செய்யாமல் பட்டியல் எழுத முடியாது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழை எடுத்துக்கொள்ளலாம். 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அவற்றை 'எழுத்து 1', 'எழுத்து 2' என்று தொடங்கி 'எழுத்து 119' வரை கோப்புறைகளாக வைத்தால், விண்டோஸின் கோப்பு மேலாளர் எண்ணின் மதிப்பை அறிந்து 1, 2, 3 என்றே வரிசைப்படுத்திக் காட்டும். டெர்மினல் அப்படிச் செய்வதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 1, 10, 100, 101 என்று அடுக்கும். 1-இல் தொடங்கும் 31 பெயர்களும் முடிந்த பிறகு, 32-ஆவது இடத்தில்தான் 2 வரும். மொத்தமாக ஓடும் கட்டளைகளும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. திரையில் பார்த்த வரிசையை நம்பி 'முதலாவதுக்கு இது, இரண்டாவதுக்கு அது' என்று புதுப் பெயர் கொடுப்பவர் பத்தாம் இதழுக்கு இரண்டாம் இதழின் பெயரைச் சூட்டிவிடுவார். 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எழுதுவது இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு. இதழ்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் ஓர் இலக்கம் கூடுதலாக விடுவது நல்லது.

தேதிக்கும் இதே நியாயம்தான். ஆண்டு முதலில், அடுத்து மாதம், பிறகு நாள்: 1959-01-15. இது 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரநிலையின் முறை. இப்படி எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 15-01-1959 என்று எழுதினால் எல்லா ஆண்டுகளின் முதல் தேதிகளும் ஒன்றாகத் திரளும்.

பெயரின் தலையில் மாறாத ஓர் எண் இருப்பது இன்னும் நல்லது. ஈழத்து எழுத்துகளை 2005 முதல் மின்னூலாக்கிவரும் நூலகம் திட்டத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. தலைப்பில் பிழை கண்டு திருத்தினாலும், ஆசிரியர் பெயரை வேறு விதமாக எழுத நேர்ந்தாலும் எண் மாறாது. சிறிய சேகரிப்புகளும் இதைப் பின்பற்றலாம். எண் அடையாளத்துக்கு, அதன் பின் வரும் சொற்கள் மனிதர் படிப்பதற்கு. இந்தப் பிரிவினை இருந்தால் பிற்காலத்தில் பெயர் மாற்ற வேண்டிய தேவையே பாதியாகக் குறையும்.

பட்டியலை ஒரு சாதாரண உரைக் கோப்பாக வைப்பதே சிறந்தது. ஒரு வரிக்கு ஒரு கோப்புறை, இடையில் ஒரு டேப், இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதியது. பழைய பெயர்களைக் கையால் தட்டக் கூடாது. 'எல்எஸ்' அல்லது 'ஃபைன்ட்' கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து அதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் பெயரின் முடிவில் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளியை எந்தக் கண்ணும் காணாது.

பலர் இந்தப் பட்டியலை எக்செலில் தயாரிக்கிறார்கள். வசதிதான், ஆனால் அங்கே நான்கு குழிகள் இருக்கின்றன. 008 என்று தட்டினால் எக்செல் அதை 8 ஆக்கிவிடும். 1959-01 என்று தட்டினால் தேதி என்று நினைத்து உருவத்தையே மாற்றிவிடும். இரண்டையும் தவிர்க்க, தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும். மூன்றாவது, சேமிக்கும் விதம். சாதாரண சிஎஸ்வி-யாகச் சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும். யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் தப்பும், ஆனால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்று சேரும், லினக்ஸில் முதல் வரியின் கோப்புறை மட்டும் 'இல்லை' என்று பதில் வரும்.

நான்காவதுதான் மிக மோசமானது. விண்டோஸில் சேமித்த உரைக் கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் இருக்கும்; லினக்ஸ் எதிர்பார்ப்பது ஒன்றை மட்டுமே. மிஞ்சிய குறி புதுப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கட்டளை பிழை எதுவும் சொல்லாது, பெயர்களும் பார்க்கச் சரியாகவே இருக்கும். பிறகு அந்தக் கோப்புறையைப் பெயர் சொல்லித் திறக்கப் போனால் திறக்காது. 'டாஸ்-டு-யூனிக்ஸ்' என்ற சிறு நிரல் வரி முடிவுகளைச் சரிசெய்கிறது, தொடக்கக் குறியையும் நீக்குகிறது. விண்டோஸில் செய்த எந்தப் பட்டியலையும் அதன் வழியாக அனுப்பாமல் லினக்ஸில் பயன்படுத்தக் கூடாது.

பட்டியல் தயாரானதும் சில சோதனைகள் செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் ஒற்றை வரிக் கட்டளைதான். வலப்பக்கத்தை மட்டும் 'கட்' கட்டளையால் பிரித்து, 'சார்ட்' கட்டளையால் அடுக்கி, 'யூனிக்' கட்டளையின் '-டி' (சிறிய எழுத்து d) விருப்பத்துக்குக் கொடுத்தால் இரண்டு முறை வரும் பெயர்கள் மட்டும் திரையில் விழும். எதுவும் விழாவிட்டால் நல்லது. இடப்பக்கத்திலுள்ள எல்லாம் வட்டில் இருக்கின்றனவா, வலப்பக்கத்திலுள்ளவற்றில் ஏதாவது ஏற்கெனவே வட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி கோப்புறைகளுக்குக் கோப்புகளைவிட முக்கியமானது. அதற்கான காரணம் 'எம்வி' கட்டளையின் வரலாற்றில் இருக்கிறது.

'எம்வி' யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே, 1971-இலேயே இருந்தது. நகர்த்துவதற்கும் பெயர் மாற்றுவதற்கும் அது ஒன்றே கட்டளை. அதனடியில் இயங்கும் 'ரீநேம்' என்ற அமைப்பு அழைப்பு 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் சேர்ந்தது. அந்த அழைப்பின் விதி தெளிவானது. புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அது போய் இது அமரும். புதுப் பெயரில் ஒரு கோப்புறை இருந்து அது காலியாக இல்லாவிட்டால் அழைப்பு மறுக்கப்படும். இந்த அளவில் கோப்புறைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 'எம்வி' அதற்கு மேல் தன் விதி ஒன்றை வைத்திருக்கிறது. இலக்கு ஏற்கெனவே இருக்கும் கோப்புறை என்றால், 'அதற்குள் போ' என்று பொருள் கொள்ளும். மறுப்போ எச்சரிக்கையோ வராது.

இதன் விளைவை மேலே சொன்ன 119 இதழ்களில் பார்க்கலாம். 42-ஆம் இதழ் விடுபட்டுவிட்டது, அதை அறியாமல் அடுத்தடுத்த இதழ்களுக்கு 042 முதல் 118 வரை எண் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட இதழ் கிடைத்ததும் எல்லாவற்றையும் ஓர் எண் தள்ள வேண்டும். 042-ஐ 043 ஆக்கு, 043-ஐ 044 ஆக்கு என்று மேலிருந்து கீழாகப் பட்டியல் ஓடினால் நடப்பது இது. 043 ஏற்கெனவே இருப்பதால் 042 அதற்குள் போய்விடும். அடுத்த வரியில், 042-ஐ வயிற்றில் சுமந்த 043 நகர்ந்து 044-க்குள் போகும். அந்த 044 பிறகு 045-க்குள். இப்படியே போய் 118 வரைக்கும் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகும். 119 என்ற பெயரில் எதுவும் இல்லாததால் கடைசி வரி மட்டும் உண்மையான பெயர்மாற்றமாக நடக்கும். முடிவில் 119 என்ற ஒரே கோப்புறை, அதற்குள் 117, அதற்குள் 116 என்று 042 வரை 76 கோப்புறைகள் வரிசையாகப் புதைந்திருக்கும். 118 என்ற பெயரே காணாமல் போயிருக்கும். ஒரு பக்கமும் அழியவில்லை. ஆனால் இத்தனைக்கும் டெர்மினல் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்காது.

தீர்வுகள் இரண்டு. முதலாவது, வரிசையைத் திருப்புவது: 118-ஐ 119 ஆக்கித் தொடங்கி 042-இல் முடித்தால் ஒவ்வோர் அடியிலும் இலக்கு காலியாக இருக்கும். ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கும் மற்றொன்றின் பெயர் இதற்கும் என்று மாற்றிக்கொள்ளும் இடங்களில் இது போதாது. அங்கே எல்லாவற்றையும் முதலில் வேறெங்கும் இல்லாத தற்காலிகப் பெயர்களுக்கு மாற்றி, இரண்டாம் சுற்றில் உண்மைப் பெயர் கொடுக்க வேண்டும். எப்போதுமே இரண்டு சுற்றாகச் செய்வது சற்று நீளமானாலும் யோசிக்கத் தேவையில்லாத வழி. இரண்டாவது தீர்வு, லினக்ஸிலுள்ள குனு 'எம்வி'-யின் பெரிய எழுத்து '-டி' (T) விருப்பம். இலக்கைக் கோப்புறையாகக் கருதி உள்ளே நுழையாதே என்று அது கட்டளையிடுகிறது. அதைச் சேர்த்திருந்தால் மேற்சொன்ன தவறு முதல் வரியிலேயே மறுக்கப்பட்டிருக்கும். எதையும் மேலெழுதாதே என்று சொல்லும் சிறிய எழுத்து '-என்' விருப்பம் இங்கே உதவாது, உள்ளே நுழைவது மேலெழுதுவது ஆகாதே. மேக் கணினியோடு வரும் 'எம்வி'-யில் பெரிய '-டி' கிடையாது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் முன் இலக்கு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அல்லது பைத்தானின் 'ஓஎஸ்-ரீநேம்' போன்ற, அமைப்பு அழைப்பை நேராகப் பயன்படுத்தும் வழியை நாட வேண்டும்.

பெயர்களில் இடைவெளி இருந்தால், டெர்மினலில் கட்டளைகளைப் படித்து நடத்தும் நிரலான ஷெல் அதை இரண்டு சொற்களாகப் பிரித்துவிடும். 'எழுத்து 8' என்பது மேற்கோள் குறி இல்லாமல் போனால் 'எழுத்து' என்றும் '8' என்றும் இரண்டு தனிப் பொருள்களாகும். மாறியைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் இரட்டை மேற்கோள் குறி கட்டாயம். 'எல்எஸ்' வெளியீட்டை நேராகச் சுழற்சிக்குள் ஊட்டும் பழக்கமும் இதனாலேயே தவறு. நட்சத்திரக் குறியைக் கொண்டு ஷெல்லே பெயர்களைக் கொடுக்கும்படி விட வேண்டும். குறுங்கோட்டில் தொடங்கும் பெயர் கட்டளையின் விருப்பம் போலத் தோன்றும். பெயர்களுக்கு முன்னால் தனியாக இரண்டு குறுங்கோடு போட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

எண்களுக்கு முன்பூச்சியம் சேர்க்கும்போது பேஷ் ஷெல்லில் ஒரு பொறி இருக்கிறது. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமான எண்ணாகப் படிக்கும். 'எழுத்து 8'-இலிருந்து 8-ஐப் பிரித்து 'பிரின்ட்எஃப்' கொண்டு 008 ஆக்குவதில் சிக்கல் இல்லை. ஏற்கெனவே மாற்றி முடித்த சேகரிப்பில் அதே நிரலை இன்னொருவர் இரண்டாம் முறை ஓட்டும்போதுதான் வினை. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லாததால் 008, 009 இரண்டும் பிழைச் செய்தியோடு 000 ஆகும். 010 என்பதற்கு எட்டடிமானத்தில் மதிப்பு எட்டு, ஆகவே பத்தாம் இதழ் 008 என்ற பெயரைப் பெறும், அதற்குப் பிழைச் செய்திகூட வராது. கணக்குக்கு முன் எண்ணின் தலையில் '10#' என்று சேர்த்தால் அது பத்தடிமானமாகவே படிக்கப்படும். இந்த மூன்று குறிகளை எண்ணைத் தொடும் எந்த நிரலிலும் விட்டுவிடக் கூடாது.

கோப்புறைக்குள் கோப்புறை இருந்தால் உள்ளிருப்பதை முதலில் மாற்ற வேண்டும். 'தொகுதி 1' என்பதை முதலில் மாற்றிவிட்டால், 'தொகுதி 1/இதழ் 3' என்று பட்டியலில் இருக்கும் பாதை செல்லாததாகிவிடும். 'ஃபைன்ட்' கட்டளையின் '-டெப்த்' விருப்பம் ஆழத்திலிருப்பதை முதலில் தருவதால், பட்டியலைத் தொடக்கத்திலேயே அதைக் கொண்டு எடுத்தால் இந்தக் கவலை வேண்டாம்.

எல்லோரும் நிரல் எழுதத் தேவையில்லை, ஆயத்தக் கருவிகள் உண்டு. 'ரீநேம்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிரல்கள் இருப்பதை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். டெபியன், உபுண்டு வழியில் கிடைப்பது பேர்ல் மொழியில் எழுதப்பட்டது. லேரி வால் எழுதிய நிரலின் வழிவந்தது. தேடிமாற்றும் கோவைகளை ஏற்கும். '-என்' கொடுத்தால் செய்யாமல் என்ன செய்யும் என்று மட்டும் காட்டும். ஃபெடோரா போன்றவற்றில் அதே பெயரில் இருப்பது யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் நிரல். இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல் என்பதை மட்டும் செய்யும். ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டளை இன்னொருவர் கணினியில் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். இரண்டுமே அமைப்பு அழைப்பை நேராகப் பயன்படுத்துவதால் உள்ளே நுழையும் தொல்லை இவற்றில் இல்லை.

2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்-ஷெல். அதனுடன் வரும் 'இசட்எம்வி' எதையும் தொடும் முன்பே மோதல்களைக் கண்டுபிடித்து நின்றுவிடும். அதிலும் '-என்' உண்டு. தன்னார்வலர்களுக்கு மிகவும் ஏற்றது 'விடிர்' என்றே சொல்லலாம். ஜோயி ஹெஸ் தொகுத்த மோர்யூட்டில்ஸில் இது வருகிறது. கோப்புறையின் பெயர்களை எண்ணிட்ட வரிகளாக ஓர் உரைத்தொகுப்பியில் திறக்கும். பெயர்களைத் திருத்திச் சேமித்தால் மாற்றம் நடக்கும். இடம் மாற்றிக்கொள்ளும் பெயர்களையும் தானே சமாளிக்கும். ஒரு வரியை அழித்தால் அந்தக் கோப்பையே அழித்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

விண்டோஸின் பழைய 'ரென்' சிறு வேலைகளுக்குப் போதும். பவர்ஷெல்லின் 'ரீநேம்-ஐட்டம்' மேலானது. '-வாட்இஃப்' சேர்த்தால் நடக்கப்போவதை மட்டும் சொல்லும், இலக்கு ஏற்கெனவே இருந்தால் மறுக்கும். தமிழ்ப் பட்டியலைப் படிக்கும்போது குறிமுறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு பழைய குறிமுறையில் படித்துப் பெயர்களைச் சிதைத்துவிடும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். வைக்கலாம், வைக்க வேண்டும். தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ஆளுக்கொரு எழுத்துமுறை வந்து தேடலே பயனற்றுப்போகும். ஆனால் தமிழ்ப் பெயரைக் கணினி எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்து வைக்க வேண்டும். சிலப்பதிகாரம் என்ற சொல் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 39 பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. சிலப்பதிகாரம் என்று ஆறு முறை எழுதலாம், ஏழாவதற்கு இடமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-இல் எல்லை 255 குறிகள் என்பதால் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட நீண்ட பெயர் லினக்ஸில் மறுக்கப்படும். ஈக்ரிப்ட்எஃப்எஸ் கொண்டு மறையாக்கம் செய்த வட்டில் எல்லை இன்னும் குறுகி 143 பைட் ஆகும், அதாவது 47 தமிழ்க் குறிகள். விண்டோஸிலும் முழுப் பாதைக்கு 260 என்ற பழைய வரம்பு பல நிரல்களில் இன்னும் இருக்கிறது. நூல், உரையாசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் பெயரிலேயே திணிக்கும் வழக்கம் இதனால் உடையும். அந்த விவரங்களுக்கு உள்ளே ஒரு சிறு உரைக் கோப்பு போதும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. தொல்காப்பியம் என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடு இரண்டு வகையில் எழுத இடம் தருகிறது: ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும். முதல் வகையில் அந்தப் பெயர் 39 பைட், இரண்டாம் வகையில் 42. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. லினக்ஸோ பைட்டுகளை அப்படியே ஒப்பிடுகிறது. ஆகவே மேக்கில் ஒருவரும் லினக்ஸில் ஒருவரும் வேலை செய்த சேகரிப்பில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பாதி இதழ்கள் ஒன்றில், மீதி மற்றொன்றில். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயர்களுக்கும் இது நேரலாம். 'கன்வ்எம்வி' என்ற நிரல் பெயர்களைச் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு ஒருசேர மாற்றித் தருகிறது. அது இயல்பாகவே ஒத்திகை மட்டும் பார்க்கும், 'நோ-டெஸ்ட்' என்று சொன்னால்தான் செயலில் இறங்கும். எல்லாப் பெயர்மாற்றக் கருவிகளும் இப்படியே அமைந்திருக்க வேண்டும்.

எந்தக் கருவியாலும் தீராதவையும் உண்டு. ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் கணினிக்கு அது வேறு சொல். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இவற்றுக்கு ஒரு சேகரிப்பு ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, பட்டியலிலேயே தேடிமாற்றிவிட வேண்டும். அகர வரிசையையும் கணினியிடம் எதிர்பார்க்க வேண்டாம். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன, மெய்யெழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னே வருகிறது. தலையில் எண் இருந்தால் இந்தக் குழப்பமும் இல்லை.

கட்டளை ஓடி முடிந்த பிறகு கோப்புறைகளின் எண்ணிக்கை முன்பு இருந்ததே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 76 கோப்புறைகள் புதைந்துபோனதை இந்த ஓர் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். மேல்மட்டத்தில் மட்டும் எண்ணுவது முக்கியம், எல்லா ஆழங்களையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் மாறாமலே இருக்கும். கோப்புகளின் உள்ளடக்கம் பெயர்மாற்றத்தால் மாறாது என்பதால், முன்பே 'எஸ்எச்ஏ-256' சரிபார்ப்பு எண்களை எடுத்துவைத்திருந்தால் அவற்றைக் கொண்டு ஒவ்வொரு படமும் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

பேக்கப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 'ஆர்சிங்க்' பெயர்மாற்றத்தை அறியாது. பழைய கோப்புறை போய்விட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றே எண்ணி எல்லாப் படங்களையும் மீண்டும் அனுப்பும், அழிக்கும் விருப்பத்தோடு ஓட்டினால் அங்குள்ள பழையவற்றை அழிக்கவும் செய்யும். சில நூறு ஜிபி ஸ்கேன்களைக் கிராமத்து இணைப்பில் மறுபடி ஏற்றுவது நாள்கணக்கில் ஆகும். ஆகவே பேக்கப் வட்டிலும் அதே பட்டியலை ஓட்டிப் பெயர்களை மாற்றிவிட்டு, அதன் பிறகு 'ஆர்சிங்க்' செய்வதே சரி. பெயர்களைச் சுட்டும் எக்செல் அட்டவணைகளும் குறுக்குவழி இணைப்புகளும் தாமாக மாறா. அவற்றையும் அதே பட்டியலைக் கொண்டே திருத்தலாம்.

பட்டியலைத் தேதியிட்டுச் சேகரிப்போடு சேர்த்தே வைக்க வேண்டும். மாற்றத்தைத் திரும்பப் பெற வேறு வழி கிடையாது. இரு நெடுவரிசைகளையும் இடம் மாற்றினால் அதுவே திருப்பும் பட்டியல். ஆனால் அதைக் கீழிருந்து மேலாக ஓட்ட வேண்டும். கடைசியாக நடந்த மாற்றம் முதலில் திரும்பினால்தான் ஒவ்வொரு பெயரும் தன் இடத்துக்குத் திரும்ப வழி இருக்கும். கோப்பின் வரிகளைத் தலைகீழாக்கித் தர லினக்ஸில் 'டாக்' என்ற கட்டளை உண்டு. மேக்கில் 'டெய்ல்' கட்டளைக்கு '-ஆர்' கொடுத்தால் அதே வேலை நடக்கும்.